ஒன்பதாவது திட்டின் நிழல்

கழுத்தை இடப்பக்கம் திருப்பினால் காதுக்குப் பின்னாலிருந்து தோள்பட்டை வரை ஒரு நரம்பு சுண்டி இழுத்தது. வலப்பக்கம் திருப்பினால் தலை பாதியிலேயே நின்றுவிட்டது. மண் சுமக்க வந்து ஆறாம் நாள். அமிர்தம் சும்மாட்டை உதறிப் போட்டுவிட்டுக் கரைமேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கூடையை இறக்கின பிறகும் கூடை இறங்கினபாடில்லை. உச்சந்தலையில் வட்டமாக அழுத்திக்கொண்டே இருந்தது.

"இன்னாடி, அதுக்குள்ள குந்திக்கின? பத்தாவது படிக்கப் போற கழுத்து மண்ணு தாங்காதா?" குழிக்குள்ளிருந்து கத்தினாள் தாய் ருக்குமணி.

"பாடம் தலைக்குள்ள போவுதும்மா. மண்ணு தலைக்கு மேல குந்துது. ரெண்டும் ஒண்ணா?"

"வாய் மட்டும் வலிக்கல பாரு உனக்கு."

கரிக்கலாம்பாக்கத்துக்குத் தெற்கே ஒரு சின்னத் தாங்கல். ஐம்பத்தொன்பதாம் வருஷம் வைகாசியில் அதைத் தூர் வாரி ஆழப்படுத்தினார்கள். ஒன்பது குடும்பம், ஒன்பது குழி. ஒவ்வொரு குழியும் இருபதடி நீளம், பத்தடி அகலம். ஆண்கள் வெட்டுவார்கள், பெண்கள் இருபத்திரண்டு படி ஏறிக் கரையில் கொட்டுவார்கள். நாள் கூலி கிடையாது. எவ்வளவு மண் வெட்டினோமோ அதற்குத்தான் கூலி.

மண்ணை எப்படி அளப்பது? அதற்குத்தான் சாட்சித் திட்டு. குழியின் நடுவில் ஒரு தூண் அளவுக்கு மண்ணை வெட்டாமல் விட்டுவிடுவார்கள். சுற்றிலும் பள்ளம் இறங்க இறங்க, தலையில் பழைய புல்லோடு அது மட்டும் நிற்கும். புல் இருக்கும் இடம்தான் பழைய தரை. புல்லிலிருந்து அடிவரை எத்தனை அடியோ அத்தனை ஆழம் வெட்டியிருக்கிறான் என்று கணக்கு. அளந்து முடித்ததும் குழிக்காரனே முதல் வெட்டு வெட்டித் திட்டைச் சாய்ப்பான். திட்டு விழுந்துவிட்டால் அளவு முடிந்தது. அதற்கப்புறம் கலெக்டரே வந்தாலும் மறு அளவு கிடையாது.

தூரத்திலிருந்து பார்த்தால் காய்ந்த தாங்கலுக்குள் ஒன்பது பேர் தலைமயிரைச் சிலுப்பிக்கொண்டு நிற்கிறமாதிரி இருக்கும்.

அமிர்தம் அந்தத் திட்டுகளைத் தன் பங்குக்கு அளந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் சாத்தின அன்று கணக்கு வாத்தியார் இக்னேஷியஸ் சொல்லி அனுப்பிய வேலை அது. பத்தாவதில் கணக்கு இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சுத்தக் கணக்கு: தேற்றம், நிரூபணம், அல்ஜீப்ரா. இன்னொன்று அளவைக் கணக்கு: நிலத்தையும் மண்ணையும் மரத்தையும் தண்ணீரையும் அளந்து எழுதுவது. பையன்கள் அதற்கு மண்கணக்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். "லீவுல ஏதாவது ஒரு பொருளை ரெண்டு விதமா அளந்துகிட்டு வாங்க. கயித்தால ஒரு தரம், தேற்றத்தால ஒரு தரம். எது உங்க கைக்கு வருதோ அந்தப் பிரிவுல சேருங்க. திறக்கிற அன்னிக்கே எழுதிக் குடுத்துடணும், அப்புறம் மாத்த முடியாது" என்றார்.

அமிர்தத்துக்குச் சுத்தக் கணக்கின் மேல்தான் ஆசை. முக்கோணம் போட்டு நிரூபித்து முடித்துக் கீழே கோடு இழுக்கும்போது, நல்ல பசியில் கஞ்சி உள்ளே இறங்குகிறமாதிரி இருக்கும் அவளுக்கு. அப்பன் கலியனுக்கு அது பிடிக்கவில்லை. "நிரூபிச்சி இன்னாடி பண்ணப் போற? ஓவர்சியர் சொல்றாரு, அளவை படிச்சா ஆபீசுல எழுத்து வேலை இருக்குதாம். மண்ணு வெட்டறவன் பொண்ணு மண்ணை அளக்கறவளா ஆவட்டும்" என்பான்.

அடிக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு. மூன்றடிக் குச்சி. காலைக் கஞ்சி வேளையில் குச்சியை நட்டு, அதன் நிழலும் மூன்றடியாகும்வரை காத்திருப்பாள். குச்சியும் நிழலும் சமமாகும் நேரத்தில் திட்டும் அதன் நிழலும் சமமாகத்தான் இருந்தாக வேண்டும். அதுதான் தேற்றம். ஓடிப்போய் நிழலை அளப்பாள். பிறகு கயிற்றைத் தொங்கவிட்டுத் திட்டை அளப்பாள். ஒன்பது திட்டிலும் இரண்டும் ஒன்றாகவே வந்தன.

ஒன்பதாவது குழி இருசப்பனுடையது. கல்யாணமாகி இரண்டு வருஷம். பெண்டாட்டி குப்பு கைக்குழந்தைக்காரி, வேலைக்கு வரவில்லை. வெட்டுவதும் சுமப்பதும் அவன் ஒருத்தன்தான். ஆனாலும் மற்றவர்களுக்கு முன்னால் ஐந்தரை அடி இறங்கிவிட்டான்.

"அஞ்சரையா? சரியா பாத்தியா?" திட்டோடு ஒட்டி நின்று பார்த்தான். "புல்லு என் புருவத்துல இடிக்குது. அப்ப நான் அஞ்சே முக்கா. என்னையும் எழுதிக்கோ நோட்டுல."

"உன்னை எந்தக் கணக்குலண்ணா எழுதறது?"

"சும்மா கெடந்தா மண்கணக்குல எழுது."

அது வெள்ளிக்கிழமை காலை. நோட்டில் எழுதினாள்: ஒன்பது, கயிறு ஐந்தரை, நிழல் ஐந்தரை. அன்று மூன்று மணிக்கு இருசப்பன் மண்வெட்டியைத் திட்டில் சாய்த்து வைத்து, "கண்ணு இருட்டுது" என்று அதன் நிழலில் உட்கார்ந்தான். வெயில் தலைக்கேறிவிட்டது என்று தண்ணீர் கொண்டு ஓடினார்கள். தண்ணீர் வாயோரம் வழிந்து கீழே போயிற்று. கண் திறந்தேதான் இருந்தது.

மேஸ்திரி தணிகைவேல் சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது சொன்னான்: "அவன் வெட்டினது அவனுக்குத்தான். திட்டு நிக்கட்டும். அளக்கற அன்னிக்கு குப்பு வந்து வாங்கிக்கட்டும்." எல்லாரும் தலையாட்டினார்கள். குப்புவுக்கு இனி வரும் கூலி அது ஒன்றுதான்.

இருசப்பன் குழியில் மண் கொட்டலாம் என்று யாரும் சொல்லவில்லை. முதலில் யாரோ ஒருத்திக்குக் கால் தடுக்கி ஒரு கூடை அதில் விழுந்தது. மறுநாள் வேறொருத்தி இருபத்திரண்டு படியை அண்ணாந்து பார்த்தாள், பக்கத்தில் சும்மா கிடந்த பள்ளத்தைப் பார்த்தாள். அவரவர் குழி ஆழத்துக்குத்தான் கூலி. மண் எங்கே போனது என்று எவன் கேட்கப் போகிறான்? பொழுது சாயும் நேரத்தில், இடுப்பு விட்டுப்போன நேரத்தில், ஆளுக்கு நாலு கூடை, ஆறு கூடை. காலால் மிதித்து மிதித்து அது தரையாகவே ஆகிவிட்டது.

அமிர்தமும் கொட்டினாள். கழுத்து அப்படி இருந்தது. எதையும் எண்ணுகிற பழக்கம் என்பதால் அதையும் எண்ணினாள். அளக்கிற நாள் வரைக்கும் அறுபத்திரண்டு கூடை.

செவ்வாய்க்கிழமை காலை குச்சியை நட்டு அளந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒன்பதாவது திட்டைக் கயிறு ஐந்தடி என்றது. மண் ஏறியிருக்கிறது, சரி. நிழல் ஐந்தரை என்றது.

குச்சி சாய்ந்திருக்கும் என்று பிடுங்கி மறுபடி நட்டாள். மற்ற எட்டுத் திட்டுக்கும் ஓடினாள். எட்டும் கயிற்றோடு ஒத்துப்போயின. திரும்பி வந்தாள். ஒன்பதாவதின் புல்லின் நிழல் முடியவேண்டிய இடத்தைத் தாண்டி அரை அடிக்கு நிழல் நீண்டு கிடந்தது. கையை நடுவில் நீட்டிப் பார்த்தாள். கையின் நிழல் அதற்குள் விழுந்து காணாமல் போயிற்று.

வியாழக்கிழமை கயிறு நாலே முக்கால். நிழல் ஐந்தரை.

சனிக்கிழமை கயிறு நாலரை. நிழல் ஐந்தரை.

புத்தகத்தைப் பிரித்துத் தேற்றத்தை முதலிலிருந்து படித்தாள். அதில் ஓட்டை இல்லை. தரை உயர்ந்தால் திட்டு குட்டையாக வேண்டும், திட்டு குட்டையானால் நிழல் குறைய வேண்டும். குறையவில்லை. இருசப்பன் வெட்டி நிறுத்தின அன்றைக்கு எவ்வளவோ அவ்வளவிலேயே அது நின்றது, மேலே கொட்டின மண் எதுவும் தனக்குச் சம்பந்தமில்லை என்கிறமாதிரி.

அம்மாவைக் கூப்பிட்டாள். "இங்க மிதிச்சிப் பாரும்மா."

தாங்கல் மண் அந்நேரத்துக்கே கொள்ளிக்கட்டைமாதிரி சுட்டுக்கொண்டிருந்தது. வெறுங்காலோடு ஒரு இடத்தில் நிற்க முடியாது. ருக்குமணி புல்லின் நிழல் முடியவேண்டிய இடத்துக்கு அப்பால் காலை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள். சூடு பட்டுக் காலை எடுக்கிறவள் இப்படி எடுக்க மாட்டாள். பாதத்தைக் கெண்டைக்காலில் தேய்த்துக்கொண்டாள்.

"சில்லுனு இருக்குதாம்மா?"

"போய்க் கூடையத் தூக்கு" என்றாள் ருக்குமணி.

அன்று மத்தியானத்திலிருந்து அம்மா அந்த நிழல்பட்டையைச் சுற்றிக்கொண்டு போனதை அமிர்தம் பார்த்தாள். கவனித்துப் பார்த்தால் எல்லாப் பெண்களும் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். எத்தனை நாளாகவோ. காலடித் தடம் நெருக்கமாக வந்து, அந்த இடத்தில் வளைந்து, தாண்டியதும் பழையபடி நேராயிற்று. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மண் கொட்டுவதை நிறுத்தவும் இல்லை. திட்டின் கிழக்குப் பக்கமாகக் கொட்டினார்கள்.

அடுத்த சனிக்கிழமை அளவு. அதற்கு முந்தின சாயங்காலம் மேஸ்திரி குழிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்பதாவதின் ஓரத்தில் நின்றான். கால் பெருவிரலால் மண்ணைக் கிளறினான். அவனுக்குத் தெரியாதா?

"எவனாவது வெட்டின குழியில மண்ண சரிச்சான்னு ஓவர்சியர் காதுல வுழுந்துதுன்னு வெச்சிக்கோங்க," என்று பொதுவாகச் சொன்னான், "அவனுக்கு மட்டும் இல்ல, மொத்த பேருக்கும் அளவ நிறுத்திடுவாரு. அப்புறம் எட்டு குடும்பமும் வயித்துல ஈரத்துணியப் போட்டுக்கினு குந்த வேண்டியதுதான். வாயப் பொத்திக்கினு இருந்தா எல்லாருக்கும் நல்லது."

"குப்புவுக்கு?" என்றான் கலியன்.

"இருக்கறது கெடைக்கும்."

கலியன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். வீட்டுக்குப் போகும் வழியில் மகளிடம், "நாளைக்கு நீதான் எழுதணுமாம். ஓவர்சியர் சொல்றதை எழுது. அவ்ளோதான்" என்றான்.

ஓவர்சியர் கடலூர்ப் பக்கத்து ஆள், சின்ன வயசு. வரும்போதே மணி பன்னிரண்டு. உச்சி வெயில். திட்டுகளின் நிழல் காலடிக்குள் சுருண்டுவிட்டது. அளக்க நிழல் இல்லாத வேளை அது. அமிர்தத்துக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதி அவளுக்கே அசிங்கமாகவும் இருந்தது.

"நீதான் படிக்கற பொண்ணா? எந்தக் கணக்கு எடுக்கப் போறே?"

"இன்னும் எழுதல சார்."

"அளவை எடு. மத்ததெல்லாம் கோவில் மணிமாதிரி, சத்தம்தான் வரும், சோறு வராது."

ஒரு கிழவன் பின்னாலிருந்து முனகினான்: "பிரெஞ்சுக்காரன் மீட்டருல அளந்தான், இவரு அடியில அளக்கறாரு. மண்ணு மட்டும் அதே மண்ணுதான்." சிரித்தார்கள். எட்டுக் குழியும் சிரித்துக்கொண்டே முடிந்தது. ஆறடி, ஆறே கால், ஐந்தே முக்கால். அளந்த திட்டை அவரவர் வெட்டிச் சாய்த்தார்கள்.

ஒன்பதாவது குழியில் குப்பு ஏற்கெனவே இறங்கி நின்றாள், இடுப்பில் குழந்தையோடு. திட்டைத் தொடாமல் அதன் பக்கத்தில் நின்றாள்.

"நாலடி" என்றார் ஓவர்சியர், டேப்பைப் பார்த்து.

"ஐயா," என்றாள் குப்பு. "புல்லு புருவத்துல இடிக்குதுன்னு வூட்டுல சொன்னாரு. எனக்கே கழுத்துக்குத்தான் வருது. நான் அவரு தோளுக்கு இருப்பேன்."

"ஆள் உயரத்த வெச்சி பில்லு போட முடியுமாம்மா?"

"இல்லைங்க ஐயா. சொன்னாரு, அதான்."

"ஒடம்பு முடியாத ஆளு, ஆழம் கொறையாத்தான் இருக்கும். எழுதும்மா. இருவது, பத்து, நாலு. எண்ணூறு கன அடி."

அமிர்தம் பென்சிலை வைத்த இடத்திலேயே வைத்திருந்தாள். அதே நோட்டின் பின்பக்கத்தில் வெள்ளிக்கிழமைக் கணக்கு இருந்தது. திருப்பிக் காட்ட ஒரு நொடி போதும். நிமிர்ந்தாள். கழுத்து பாதியில் நின்றது. நின்ற இடத்தில் அப்பன் முகம். அவன் அவளைப் பார்க்கவில்லை, தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் அம்மா, மற்ற ஏழு வீட்டுப் பெண்கள். எல்லாரும் கூடையைக் கவிழ்த்துப் போட்டு நின்றார்கள்.

நாலு என்று எழுதினாள். எண்ணூறு என்று எழுதினாள். ஓவர்சியர் கையெழுத்துப் போட்டுவிட்டு இளநீருக்காகக் கரையேறினார்.

"முதல் வெட்டு நீதான் போடணும், குப்பு" என்றான் மேஸ்திரி.

குழந்தையை ருக்குமணியிடம் கொடுத்துவிட்டுக் குப்பு புருஷனின் மண்வெட்டியை வாங்கினாள். திட்டின் அடியில் ஓங்கிப் போட்டாள். மண்வெட்டி பிடிவரைக்கும் இறங்கிற்று. திட்டில் படாமல் தரையில் இறங்கியிருந்தது. இழுத்தாள், பொலபொலவென்று மண் வந்தது. இன்னொரு வெட்டு. இன்னொன்று. யாரும் நிறுத்தவில்லை. திட்டின் அடி வருவேனா என்றது. தரைக்குக் கீழே, அதற்கும் கீழே அது போய்க்கொண்டே இருந்தது. ஒன்றரை அடிக்குக் கீழே டங்கென்று கெட்டித் தரை தட்டியது. வரிசையாக, ஒரே சாய்வில், இருசப்பனின் மண்வெட்டித் தடங்கள் நேற்று வெட்டினமாதிரி இருந்தன.

அப்போதுதான் திட்டு தானாகச் சாய்ந்தது. விழுந்த சத்தம் மண் விழுகிற சத்தமாக இல்லை. குழந்தை வீறிட்டது.

குப்பு குனிந்து கிளறின மண்ணைக் கையில் அள்ளினாள். ஒரே மண் இல்லை அது. களி கறுப்பு மூன்றாவது குழியுடையது. சரளைச் சிவப்பு ஆறாவது குழியுடையது. அந்தத் தாங்கலில் எந்தக் குழியில் என்ன மண் என்று எல்லாருக்கும் தெரியும், வெட்டின கைகள். ஒவ்வொரு பிடியாக எடுத்துப் பார்த்து, ஒவ்வொரு குழியாகத் திரும்பிப் பார்த்தாள். கடைசியில் மஞ்சள் மண் ஒரு பிடி எடுத்தாள்.

"இது உங்க குழி மண்ணாச்சே, அமிர்தம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வழி தப்பி வந்த ஆட்டைக் காட்டுகிறமாதிரி சொன்னாள்.

அமிர்தம் நோட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"திட்டு வுழுந்தாச்சு, அளவு முடிஞ்சாச்சு. எல்லாரும் மேல ஏறுங்க" என்றான் மேஸ்திரி.

ஏறினார்கள், குழந்தையோடு ருக்குமணியும். கடைசியாக ஏறின அமிர்தம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பாதிக் குழியில் குப்பு மட்டும் நின்றாள். திட்டு இருந்த இடத்துக்கு மேற்கே, எதுவும் நிற்காத தரையில், ஐந்தரை அடிக்கு மண் கறுத்துக் கிடந்தது. தலைக்கு நேராக வெயில் கொளுத்தியது. குப்பு அதைப் பார்க்கவில்லை. அல்லது பார்த்துவிட்டுத்தான் அதன் ஓரமாகப் போய் உட்கார்ந்தாளோ என்னவோ. உட்கார்ந்தவள் வெறுங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டாள், சுடவில்லைபோல.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்தது. இக்னேஷியஸ் வாத்தியார் அவள் தாளை எடுத்துவைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"எட்டும் பிரமாதம். ஒன்பதாவதுல மட்டும் ஏன் கயிறு நாள் ஆக ஆகக் குறையுது?"

"மண்ணு ஏறிடுச்சி சார்."

"அப்ப நிழலும் குறையணுமே. நீ அளந்ததுல தப்பு."

"இல்ல சார். நிழல்தான் சரி."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அதெப்படி? திட்டு இப்ப இருக்கா? நான் வந்து பார்க்கிறேன்."

"இடிச்சாச்சி சார்."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு சிரித்தார். "சரி, விடு. உன் முக்கோணம் எல்லாம் சுத்தமா இருக்கு. உன்னைமாதிரி ஒருத்தியைச் சுத்தக் கணக்குக்குத்தான் நான் தேடிக்கிட்டிருந்தேன். எழுது."

படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். அமிர்தம் அவர் போட்டுவைத்திருந்த கரும்பலகை முக்கோணத்தைப் பார்த்தாள். நிமிர்ந்த கோடு, சாய்ந்த கோடு, தரை. நடுவில் யார் எவ்வளவு மண்ணைக் கொட்டினாலும் அது மாறாது. யாருடைய அப்பன், யாருடைய கழுத்து என்று கேட்காது. இரண்டு வருஷம் தினமும் அதன் எதிரில் உட்கார வேண்டும்.

"வேணாம் சார்" என்றாள்.

"ஏன்?"

"அதுக்குத் தெரியுது சார்."

அவருக்குப் புரியவில்லை. அமிர்தம் பேனாவை எடுத்து அளவைக் கணக்கு என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். டேப் சொல்வதை எழுதுகிறவர்களின் பிரிவு அது.

வெளியே வந்து நோட்டின் பின்பக்கத்தைப் பிரித்து நின்றவாக்கில் ஒரு கணக்குப் போட்டாள். தப்பில்லாமல் வந்தது. குப்பு அண்ணிக்குத் தரவேண்டிய பாக்கி: இருசப்பன் வெட்டியும் பில்லில் ஏறாத மண் முந்நூறு கன அடி. அதில், கூடைக்கு அரை கன அடி வீதம், முப்பத்தொரு கன அடி அமிர்தத்தின் பேரில்.